பிரைமரி கீயும் இண்டெக்ஸும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் இருந்துகொண்டு மாங்கூழ் ஆலை, தக்காளி மண்டி, பால் சேகரிப்பு என்று இந்தப் பக்கத்துத் தொழில்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுவது என் வேலை. கூட வேலை பார்க்கிற பிள்ளைகள், பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பழக வருகிறவர்கள், சில நேரம் மண்டிக்காரர்களே கூட, டேட்டாபேஸ் பற்றிக் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளாகத்தான் இருக்கிறது. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே என் பதிலையும் வைத்திருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம் போதும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. அதற்கு மூன்று டேபிள்: விவசாயி, வரத்து, பட்டுவாடா. வாசலில் எடை போட்டு உள்ளே போகிற ஒவ்வொரு லோடும் வரத்தில் ஒரு ரெக்கார்டு. டேட்டாபேஸ் என்று நான் சொல்வது போஸ்ட்கிரெஸையும் மைஎஸ்கியூஎல்லையும். மைஎஸ்கியூஎல் என்றால், தகவலைச் சேமித்து எடுக்கிற அதன் இன்னோடிபி எஞ்சின்.

1. அண்ணா, பிரைமரி கீ, இண்டெக்ஸ் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேரு?

பிரைமரி கீ ஒரு விதி. இந்த டேபிளில் இந்த மதிப்பு ஒரே ஒரு ரெக்கார்டுக்குத்தான் இருக்கும், காலியாக இருக்காது, அதைச் சொன்னால் அந்த ரெக்கார்டைத் தவிர வேறு எதுவும் வராது. இண்டெக்ஸ் ஒரு வசதி, தேடுவதைச் சீக்கிரம் எடுக்க டேட்டாபேஸ் தனியாக வைத்துக்கொள்ளும் வரிசைப்படுத்திய பட்டியல். இண்டெக்ஸை அழித்தால் க்வெரி, அதாவது டேட்டாபேஸிடம் நாம் கேட்கிற கேள்வி, மெதுவாகும், பதில் மாறாது. கீயை எடுத்துவிட்டால் நாளைக்குப் பதிலே தப்பாக வரலாம்.

இரண்டும் பிறந்த இடமும் வேறு. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய ரிலேஷனல் மாடல் கட்டுரையில் பிரைமரி கீ வருகிறது. இண்டெக்ஸ் இருந்தாலும் போனாலும் புரோகிராம் உடையக் கூடாது என்றும் அதே கட்டுரையில் அவர் வாதாடுகிறார். இன்று இண்டெக்ஸ் என்றால் பெரும்பாலும் பி-ட்ரீ என்ற அடுக்கடுக்கான அமைப்பு (10-வது கேள்வியில் வரும்). அதை ஏறக்குறைய அதே நேரத்தில் போயிங் நிறுவனத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கினார்கள். குழப்பம் எங்கே வருகிறது என்றால், பிரைமரி கீ என்று அறிவித்த உடனே டேட்டாபேஸ் தானாக ஒரு யூனிக் இண்டெக்ஸையும் (ஒரே மதிப்பை இரண்டு தடவை வர விடாத இண்டெக்ஸ்) போட்டுவிடுகிறது, ஒரு மதிப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் டேபிள் முழுக்கத் தேட முடியாது அல்லவா, அதற்காக.

2. டேபிளுக்கு பிரைமரி கீ கட்டாயமா வேணுமா? இல்லாமலும் ஓடுதே?

ஓடும். ஒரு நாள் எடைமேடையில் இருக்கிற பையன் ஒரே லோடை இரண்டு தடவை பதிந்துவிடுவான், இரண்டு ரெக்கார்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும், அதில் ஒன்றை மட்டும் அழி என்று சொல்ல உங்களிடம் வழி இருக்காது. அன்றைக்குத் தெரியும்.

இன்னோடிபி கீ இல்லாத டேபிளைச் சும்மா விடாது: காலியாக இருக்க முடியாத யூனிக் ஃபீல்டு (ஃபீல்டு என்றால் ரெக்கார்டில் பெயர், தேதி மாதிரி ஒரு கட்டம்) ஏதாவது இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், அதுவும் இல்லையென்றால் 6 பைட்டில் ஒரு மறைவான எண்ணைத் தானே உண்டாக்கும். அந்த எண்ணை நீங்கள் பார்க்கவோ பயன்படுத்தவோ முடியாது, ஆக இடம் மட்டும் போகிறது. போஸ்ட்கிரெஸில் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை இன்னொரு சர்வருக்கு நகலாக அனுப்புவது) வைக்கும்போது கீ இல்லாத டேபிளில் அப்டேட்டும் டெலிட்டும் எரர் கொடுத்து நிற்கும். வைத்துவிடுங்கள், விதிவிலக்கு தேடாதீர்கள்.

3. பேரு, ஊரு, அப்பா பேரு மூணும் சேர்த்தா ஒரு ஆளைக் கண்டுபிடிச்சிடலாமே, அதையே கீயா வைக்கக் கூடாதா?

நம்ம பக்கத்தில் ஒரே ஊரில் எத்தனை முனியப்பன், எத்தனை மாதம்மாள் என்று எண்ணிப் பாருங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் வேறு. முனுசாமி ஒரு சீட்டில் முனிசாமி ஆவார், இன்னொன்றில் இனிஷியல் முன்னால் போகும். கீ மாறக் கூடாது, மாறினால் அதைச் சுட்டுகிற ஒவ்வொரு டேபிளிலும் மாற வேண்டும். பெயரோ திருத்தப்படுவதற்கென்றே இருக்கிற ஃபீல்டு.

தமிழில் எழுதி வைத்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் கேள்விப்பட்டே இருப்பதில்லை. தொப்பூர் என்பதில் வருகிற 'தொ'வின் ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது, உள்ளே பைட் வேறு, போஸ்ட்கிரெஸ் அதை இரண்டு வேறு ஊராகத்தான் பார்க்கும். சேமிக்கும் முன்பே என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்று ஃபங்ஷனே இருக்கிறது. கீயாக வைக்காவிட்டாலும் தேடுவதற்கு இது தேவைப்படும்.

4. சரி, மொபைல் நம்பர்? அது ஒருத்தருக்கு ஒண்ணுதானே?

நான் எழுதிய முதல் கொள்முதல் சாஃப்ட்வேரில் மொபைல் நம்பர்தான் பிரைமரி கீ. ஒரு விவசாயி ரீசார்ஜ் செய்யாமல் விட்டு நம்பர் துண்டிக்கப்பட்டது. துண்டித்த நம்பரை 90 நாள் கழிந்த பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இந்த நாட்டு வழக்கம், அப்படியே கொடுத்தார்கள், வாங்கியவரும் அடுத்த சீசனில் அதே ஆலைக்குக் காய் கொண்டுவந்தார். சாஃப்ட்வேர் அவரைப் பழைய ஆள் என்றே எடுத்துக்கொண்டது, யாரோ வாங்கியிருந்த முன்பணம் இவருடைய பட்டுவாடாவில் கழிந்துபோனது. அந்த மனிதர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று நியாயம் கேட்டது எனக்கு இன்றும் மறக்கவில்லை. தப்பு என்னுடையது.

நம்பர் மாறாமல் இருந்தாலும் ஒரு வீட்டில் அப்பா, அண்ணன், தம்பி மூன்று பேரும் ஒரே நம்பரைக் கொடுப்பார்கள். மொபைலைத் தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், இண்டெக்ஸ் போடுங்கள், யூனிக் கூட வேண்டாம்.

5. ஆதார் நம்பர் மாறவே மாறாது, ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் வராது. அதுல என்ன குறை?

கீயின் இலக்கணப்படி நல்ல நம்பர்தான். ஆனால் பிரைமரி கீ ஒரு டேபிளோடு நிற்காது. வரத்துக்குப் போகும், பட்டுவாடாவுக்குப் போகும், லாக் ஃபைலுக்கும், எக்ஸெலில் எடுத்து அனுப்புகிற ரிப்போர்ட்டுக்கும் போகும். ஒரு மனிதருடைய ஆதாரை இத்தனை இடத்தில் இறைத்துவிட்டு எதைப் பாதுகாப்பது? ஆதாரைச் சட்டப்படி வாங்கும் நிறுவனங்களே அதைச் சங்கேதமாக்கித் தனிப் பெட்டகத்தில் வைத்து, மற்ற இடங்களில் ஒரு மாற்று எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2017-லேயே ஆதாரை வழங்கும் யூஐடிஏஐ சொல்லியிருக்கிறது. அந்த மாற்று எண் என்ற யோசனைதான் 7-வது கேள்வியில் வரப்போகிறது.

வேறு வழியில்லாமல் ஆதாரை வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள்: 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் வெர்ஹாஃப் முறைப்படி போடப்பட்ட சரிபார்ப்பு எண். ஒரு இலக்கம் தப்பினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் அது பிடித்துவிடும். பதியும்போதே சோதித்தால் பாதித் தொல்லை வாசலிலேயே நின்றுவிடும்.

6. எங்க பழைய நோட்டுல 'தர்-ஓசூ-0145'னு இருக்கும் தம்பி. பார்த்தவுடனே ஜில்லா, ஊர் தெரியும். அது நல்ல முறைதானே?

நோட்டுக்கு நல்ல முறை. டேட்டாபேஸில் கீயாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம மாவட்டமே சாட்சி. 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டம் ஆனது. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது, ஓசூர் அதோடு போய்விட்டது. அதற்குப் பிறகு 'தர்-ஓசூ' என்பது பொய். மாற்றினால் பழைய சீட்டு, பழைய பில் எதனோடும் ஒட்டாது, மாற்றாமல் விட்டால் மாவட்டவாரியாகக் கணக்கு எடுக்கிற ஒவ்வொருவரையும் அது ஏமாற்றும். வண்டி நம்பர் மாதிரிதான் இதுவும்: டிஎன் 29 என்றால் தர்மபுரியில் பதிவான வண்டி என்று அர்த்தம், இன்று எந்த ஊரில் நிற்கிறது என்பதை அது சொல்லாது.

அந்தப் பழைய நம்பர் ஆட்களுக்குப் பழகிய நம்பர், தூக்கி எறிய வேண்டாம். 'பழைய கணக்கு எண்' என்று தனி ஃபீல்டில் வைத்து யூனிக் போடுங்கள். ஊரையும் மாவட்டத்தையும் அதனதன் ஃபீல்டில் வையுங்கள், நாளைக்கு எல்லை மாறினால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும்.

7. அப்போ எல்லாத்துக்கும் தானா ஏறும் நம்பரா, இல்ல யூயூஐடியா?

மேலே பார்த்த எல்லாமே ஆளைப் பற்றி ஏதோ ஒரு செய்தியைச் சொல்கிற கீகள், அந்தச் செய்தி மாறியதும் உடைகிறவை. எந்தச் செய்தியும் சொல்லாத, டேட்டாபேஸுக்காக மட்டும் உண்டாக்கிய எண்தான் மாற்று. ஒரே சர்வர், எல்லாப் பதிவும் அங்கேதான் நடக்கிறது என்றால் தானாக ஏறும் பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் போதும், 8 பைட், படிக்க எளிது, போனில் சொல்லவும் முடியும்.

சர்வரைக் கேட்காமலே பதிய வேண்டிய இடத்தில் யூயூஐடி, அதாவது எங்கே உண்டாக்கினாலும் இன்னொன்றோடு மோதாத அளவுக்கு நீளமான எண், கைகொடுக்கும். அஞ்செட்டி மலைப் பக்கம் ஒரு சேகரிப்பு மையம், பெண்ணாகரம் பக்கம் இன்னொன்று, டேப்லெட்டில் பதிகிறார்கள், சிக்னல் கிடைக்கும்போதுதான் சர்வருக்கு ஏறும். இரண்டு இடத்திலும் ஏறும் நம்பர் என்றால் இரண்டிலும் 101 இருக்கும், மோதும். யூயூஐடியை டேப்லெட்டே உண்டாக்கிக்கொள்ளலாம். ஆனால் 4-ம் வகை யூயூஐடி முழுக்கத் தாறுமாறான எண். இன்னோடிபி பிரைமரி கீயின் வரிசையிலேயே டேபிளை வட்டில் அடுக்குகிறது, ஆகவே ஒவ்வொரு புது ரெக்கார்டும் எங்கோ நடுவில் போய் நுழையும், பக்கங்கள் (டேபிளைச் சேமிக்கிற துண்டுகள்) பிளந்துகொண்டே இருக்கும், மெமரியில் எதுவும் தங்காது. 2024-ல் தரநிலையான 7-ம் வகையில் முதல் 48 பிட் நேரம் என்பதால் புதியவை கடைசியிலேயே சேரும். போஸ்ட்கிரெஸ் 18-ல் அதை உண்டாக்கும் ஃபங்ஷன் உள்ளேயே வந்துவிட்டது. புதிதாகத் தொடங்கினால் அதையே எடுங்கள். ரெக்கார்டு எப்போது உருவானது என்பது அந்த எண்ணைப் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகையானாலும் யூயூஐடியை 36 எழுத்து டெக்ஸ்டாகச் சேமிக்காதீர்கள், அது 16 பைட்டில் அடங்குகிற விஷயம். இன்னோடிபியில் மற்ற ஒவ்வொரு இண்டெக்ஸிலும் பிரைமரி கீயின் ஒரு நகல் உட்கார்ந்திருக்கும். 1 கோடி ரெக்கார்டு, 5 இண்டெக்ஸ் என்று வையுங்கள்: பிக்இன்ட்டுக்குப் பதில் 16 பைட் என்றால் நகல்களுக்கு மட்டும் சுமார் 400 எம்பி கூடும், 36 எழுத்து என்றால் 1.4 ஜிபி.

8. இன்ட் போதாதா? 214 கோடி வரைக்கும் போகுமே, நம்ம மாங்காய்க்கு அவ்வளவு எங்க வரப் போகுது?

மாங்காய் லோடுக்கு 4 பைட் இன்ட் போதும். ஆனால் அதே பழக்கத்தை நாளைக்கு ஓசூரில் ஒரு ஆலையின் மெஷின்களுக்கு எழுதும்போதும் கொண்டுபோவீர்கள். 500 சென்சார், வினாடிக்கு ஒரு ரெக்கார்டு என்றால் ஒரு நாளைக்கு 4 கோடியே 32 லட்சம். இன்ட்டின் எல்லையான 2,147,483,647 சரியாக 50-வது நாளில் தீர்ந்து, பதிவு நின்றுவிடும். நிரம்பிய டேபிளில் இன்ட்டை பிக்இன்ட் ஆக்குவது டேபிள் முழுவதையும் திரும்ப எழுதுகிற வேலை, மற்ற டேபிள்களில் அதைச் சுட்டுகிற ஃபீல்டுகளை, அதாவது ஃபாரின் கீகளை எல்லாம் கூட மாற்ற வேண்டும். 4 பைட் மிச்சத்துக்காக அந்த வேலையை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

9. சார், பில் நம்பர் நடுவுல ரெண்டு மூணு விட்டுப் போகுது, ஆடிட்டர் எங்கேன்னு கேக்கறார்.

பில் நம்பராக பிரைமரி கீயையே அச்சடித்திருக்கிறீர்கள், அதனால்தான். தானாக ஏறும் எண் விட்டுவிட்டுத்தான் போகும்: ஒரு பதிவு தொடங்கி, எண் வாங்கி, பாதியில் ரத்தானால் அந்த எண் திரும்ப வராது. இது பிழை இல்லை, ஒருவர் பதிவு முடியும் வரை மற்றவர்கள் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஜிஎஸ்டி விதி 46 கேட்பது வேறு: தொடர்ச்சியான எண், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. பில் நம்பரைத் தனி ஃபீல்டாக வையுங்கள், நிதியாண்டு, பில் நம்பர் இரண்டும் சேர்த்து யூனிக். கடைசி நம்பரை ஒரு சின்ன டேபிளில் வைத்து, பில் பதிகிற அதே ட்ரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும், இல்லையென்றால் முழுதாக ரத்தாகும் வேலைத்தொகுதி) அதைப் பூட்டி ஒன்று கூட்டி எடுங்கள். கொஞ்சம் மெதுவாகும்தான், ஆனால் பில் போடும் இடத்தில் அந்த வேகம் போதும். இன்னும் மைஎஸ்கியூஎல் 5.7 ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் ஏறும் எண், இருப்பதில் பெரியதற்கு அடுத்ததிலிருந்து தொடங்கும். கடைசி ரெக்கார்டை அழித்திருந்தால் அதே எண் வேறொருவருக்குப் போகும். 8.0-ல் சரிசெய்துவிட்டார்கள்.

10. இண்டெக்ஸ் போட்டா எப்படிண்ணா இவ்வளவு வேகம் வருது?

மண்டிப் பேரேட்டின் முதல் பக்கத்தில் பெயரும் பக்க எண்ணும் எழுதி வைத்திருப்பார்களே, அதேதான், ஆனால் அடுக்கடுக்காக. பி-ட்ரீயின் ஒரு பக்கம் இன்னோடிபியில் வழக்கமாக 16 கேபி, போஸ்ட்கிரெஸில் 8 கேபி. ஒரு பக்கத்தில் 500 கீ அடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று அடுக்கில் 500 பெருக்கல் 500 பெருக்கல் 500, அதாவது 12.5 கோடி ரெக்கார்டு. ஆக 12 கோடியில் ஒன்றைத் தேட மூன்று பக்கம் புரட்டினால் போதும், மேல் அடுக்குகள் எப்போதும் மெமரியிலேயே இருக்கும்.

பட்டியல் வரிசையாக இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு: 'இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை', 'கடைசி பத்து லோடு' இதெல்லாம் ஒரு இடத்தில் இறங்கி அப்படியே பக்கத்தில் நடந்துபோவதுதான், தனியாக வரிசைப்படுத்த வேண்டியதில்லை.

11. அப்போ எல்லா ஃபீல்டுக்கும் ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சுதே?

ஒரு லோடு பதியும்போது வரத்து டேபிளில் ஒரு தடவை எழுத வேண்டும், ஒவ்வொரு இண்டெக்ஸிலும் ஒரு தடவை. பத்து இண்டெக்ஸ் இருந்தால் பதினொரு இடத்தில் எழுத வேண்டும், அதுவும் தோத்தாபுரி சீசன் உச்சத்தில் ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில். போஸ்ட்கிரெஸில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரு ரெக்கார்டைத் திருத்தும்போது இண்டெக்ஸில் உள்ள ஃபீல்டு எதுவும் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால் இண்டெக்ஸ் பக்கம் போகாமலே வேலையை முடித்துவிடும். அடிக்கடி மாறுகிற ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் போட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

நான் செய்கிற முறை இது. ஆலையில் போய் உட்கார்ந்து, அவர்கள் ஒரு நாளில் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுவேன். 'இந்த விவசாயியின் இந்த சீசன் லோடு', 'இன்றைக்கு எத்தனை டன்', 'பணம் கொடுக்க வேண்டியது யார் யாருக்கு'. பத்துப் பன்னிரண்டு கேள்விக்கு மேல் வராது, அதற்கு நாலைந்து இண்டெக்ஸ் போதும். ஃபீல்டைப் பார்த்துப் போடாதீர்கள், கேள்வியைப் பார்த்துப் போடுங்கள்.

12. ரெண்டு ஃபீல்டு சேர்த்துப் போடறப்ப எது முன்னாடி வரணும்? நிறைய வேற வேற மதிப்பு இருக்கறதுதான் முதல்லன்னு காலேஜ்ல சொன்னாங்க.

அந்தப் பாடம் பாதிதான் சரி. 'விவசாயி, தேதி' என்று இண்டெக்ஸ் போட்டால் முதலில் விவசாயி வாரியாக, ஒவ்வொரு விவசாயிக்குள்ளும் தேதி வாரியாக அடுக்கியிருக்கும். 'விவசாயி 812-ன் ஜூன் மாத லோடு' என்ற கேள்விக்கு நேராக இறங்கி நடந்துவிடலாம். 'ஜூன் மாதத்தின் எல்லா லோடும்' என்று கேட்டால் இது உதவாது, ஜூன் ஒவ்வொரு விவசாயிக்குள்ளும் சிதறிக் கிடக்கிறது. மைஎஸ்கியூஎல் 8.0-லும் போஸ்ட்கிரெஸ் 18-லும் முதல் ஃபீல்டைத் தாண்டிக் குதிக்கிற ஸ்கேன் இருக்கிறது, முதல் ஃபீல்டில் மிகச் சில மதிப்புகளே இருந்தால்தான் அது கைகொடுக்கும், ஆயிரக்கணக்கான விவசாயிகள் இருக்கும் இடத்தில் நம்ப வேண்டாம்.

விதி இதுதான்: சமம் என்று கேட்கிற ஃபீல்டு முன்னால், 'இதிலிருந்து அது வரை' என்று கேட்கிற அல்லது வரிசைப்படுத்துகிற ஃபீல்டு பின்னால். மேலே சொன்ன கேள்விக்கு 'தேதி, விவசாயி' என்று திருப்பிப் போட்டால் ஜூன் மாதத்தின் அத்தனை பதிவையும் கடந்துதான் ஒரு ஆளைப் பொறுக்க வேண்டும். இரண்டு ஃபீல்டையுமே சமம் என்றுதான் கேட்கிறீர்கள் என்றால் எது முன்னால் வந்தாலும் அந்தக் கேள்விக்கு ஒன்றுதான். அப்போது, தனியாகவும் கேட்கப்படுகிற ஃபீல்டு எதுவோ அதை முன்னால் வையுங்கள், ஒரு இண்டெக்ஸ் மிச்சம்.

13. இண்டெக்ஸ் இருக்கு, ஆனா க்வெரி அதை எடுத்துக்கவே மாட்டேங்குது!

முதலில் க்வெரிக்கு முன்னால் எக்ஸ்பிளைன் போட்டுப் பாருங்கள், டேட்டாபேஸ் எந்த வழியில் தேடப்போகிறது என்று அது காட்டும், ஊகிக்காதீர்கள். நான் அதிகம் பார்க்கிற காரணம், ஃபீல்டை ஏதாவது ஃபங்ஷனுக்குள் போட்டுவிடுவது. 'தேதியின் வருடம் சமம் 2024' என்று எழுதினால் இண்டெக்ஸில் இருப்பது தேதி, கேட்பது வருடம், இரண்டும் பொருந்தாது. '2024 ஜனவரி 1 முதல், 2025 ஜனவரி 1-க்கு முன்' என்று எழுதுங்கள், எடுத்துக்கொள்ளும். பெயரின் நடுவில் தேடுவதும் அப்படித்தான்: 'முனி'யில் தொடங்கும் பெயர் வரிசையில் ஒரே இடத்தில் இருக்கும், 'சாமி'யில் முடியும் பெயர் எல்லா இடத்திலும் இருக்கும். நடுவில் தேடியே ஆக வேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸில் பிஜி-ட்ரைக்ராம் எக்ஸ்டென்ஷன் (பெயரை மூன்று மூன்று எழுத்துத் துண்டாகப் பிரித்துத் தேடுவது) போட்டு ஜின் என்ற வகை இண்டெக்ஸ் வைக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் இன்னொரு பொறி, டெக்ஸ்ட் ஃபீல்டில் இருக்கிற மொபைலை மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாகக் கேட்பது. அது ஒவ்வொரு ரெக்கார்டையும் எண்ணாக மாற்றிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

சில நேரம் டேட்டாபேஸ் செய்வதே சரியாக இருக்கும். டேபிளில் 200 ரெக்கார்டு மட்டும் இருந்தாலோ, கேட்பது டேபிளில் பாதியை என்றாலோ, இண்டெக்ஸுக்கும் டேபிளுக்கும் மாறி மாறிப் போவதை விட நேராகப் படிப்பதுதான் வேகம். வளர்ந்த பிறகு என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமென்றால் சோதனை டேபிளில் பத்து லட்சம் ரெக்கார்டாவது நிரப்பிவிட்டு அனலைஸ் (டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள்.

14. பணம் கொடுத்தாச்சா இல்லையான்னு ஒரு ஃபீல்டு, ரெண்டே மதிப்பு. அதுக்கு இண்டெக்ஸ் வீண்தானே?

இரண்டு மதிப்பும் பாதிப் பாதி இருந்தால் வீண்தான், மேலே சொன்ன காரணமே. ஆனால் பட்டுவாடாவில் அப்படி இருக்காது: ஐந்து வருடக் கணக்கில் 99 சதவீதம் கொடுத்து முடித்தது, பாக்கி ஒரு சதவீதம், கணக்குப்பிள்ளை தினமும் கேட்பது அந்த ஒரு சதவீதத்தை. போஸ்ட்கிரெஸில் 'பாக்கி உள்ளவை மட்டும்' என்று நிபந்தனை போட்டு பார்ஷியல் இண்டெக்ஸ் வைக்கலாம், இத்தனூண்டு இடம், பணம் கொடுத்ததும் அந்த ரெக்கார்டு அதிலிருந்து கழன்றுவிடும். மைஎஸ்கியூஎல்லில் இந்த வசதி கிடையாது, அங்கே 'நிலை, தேதி' என்று சேர்த்துப் போடுங்கள்.

15. ஃபாரின் கீ போட்டா இண்டெக்ஸ் தானா வந்துடுமா?

இன்னோடிபியில் வரும். போஸ்ட்கிரெஸில் வராது, இதில் தடுக்கி விழுந்தவர்கள் நிறைய. வரத்தில் விவசாயி எண்ணுக்கு இண்டெக்ஸ் இல்லாமல் ஒரு விவசாயியை அழிக்கப் போனால், அவர் பெயரில் லோடு இருக்கிறதா என்று பார்க்க வரத்து டேபிள் முழுவதையும் படிக்கும். ஆயிரம் பேரை அழித்தால் ஆயிரம் தடவை. 12-ல் சொன்ன 'விவசாயி, தேதி' இண்டெக்ஸ் இருந்தால் அதுவே இதற்கும் போதும், தனியாக வேண்டாம்.

16. ரெண்டு டேபிளை இணைக்கிற டேபிளுக்கும் தனியா ஐடி வைக்கணுமா?

எந்த விவசாயி எந்த மையத்தில் பதிந்திருக்கிறார் என்று மட்டும் சொல்கிற டேபிள் என்றால் வேண்டாம், இரண்டு எண்ணையும் சேர்த்தே பிரைமரி கீ ஆக்குங்கள், ஒரே இணைப்பு இரண்டு தடவை வருவதும் தானாக நின்றுவிடும். திருப்பிக் கேட்பதற்கு எதிர் வரிசையில் ஒரு இண்டெக்ஸ். அந்த இணைப்பையே வேறு டேபிள்கள் சுட்டத் தொடங்கினால் அப்போது தனி ஐடி கொடுங்கள், பழைய இரண்டின் யூனிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

17. யூனிக் போட்டிருக்கேன், ஆனாலும் ஒரே ஆள் ரெண்டு தடவை வந்துட்டார். எப்படி?

அந்த ஃபீல்டில் நல் இருக்கிறதா பாருங்கள். நல் என்றால் தெரியாது என்று பொருள், தெரியாத இரண்டு மதிப்பு சமம் என்று சொல்ல முடியாது, ஆகவே போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் யூனிக் ஃபீல்டில் எத்தனை நல் வேண்டுமானாலும் விடும். எஸ்கியூஎல் சர்வர் ஒன்றே ஒன்றை விடும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் நல்லையும் சமமாக எடுத்துக்கொள் என்று யூனிக்கிலேயே சொல்லலாம். நல் இல்லையென்றால் மதிப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட இடைவெளி, அல்லது 3-ல் சொன்ன ஒகரக் குறி.

இதையே வேறு விதமாகவும் சிலர் கேட்பார்கள்: 'கோடில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே சேர்க்கிறேன், யூனிக் எதற்கு?' இரண்டு கவுன்டரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இருவரும் பார்ப்பார்கள், இருவருக்கும் இல்லை என்று வரும், இருவரும் சேர்ப்பார்கள். பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை டேட்டாபேஸால் மட்டும்தான் அடைக்க முடியும்.

18. ஓடிக்கிட்டிருக்கற டேபிள்ல புதுசா இண்டெக்ஸ் போட்டா வேலை நின்னுடுமா?

போஸ்ட்கிரெஸில் சும்மா கிரியேட் இண்டெக்ஸ் என்று போட்டால் அது முடியும் வரை படிக்கலாம், எழுத முடியாது. கன்கரன்ட்லி என்று சேர்த்துப் போடுங்கள், நேரம் கூடும், எழுதுவது நிற்காது. நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிச்சம் நிற்கும், அதை அழித்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். இன்னோடிபி 5.6 முதலே பொதுவாக எழுதுவதை நிறுத்தாமல் போட்டுவிடும், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சின்னப் பூட்டு மட்டும்.

ராத்திரி போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கு எழுதுகிறீர்கள் என்றால் விடியும் முன்பே அவர்களுக்கு வேலை நேரம் தொடங்கிவிடும், மத்தியானம்தான் அடங்கும். தொழிலைக் கேட்டுக்கொண்டு நேரம் குறியுங்கள்.

19. போட்டு வச்சதுல எது வேண்டாத இண்டெக்ஸ்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

இரண்டு டேட்டாபேஸும் கணக்கு வைத்திருக்கின்றன. போஸ்ட்கிரெஸில் பிஜி-ஸ்டாட்-யூசர்-இண்டெக்ஸஸ் என்ற பட்டியலில் ஒவ்வொரு இண்டெக்ஸும் எத்தனை தடவை பயன்பட்டது என்று இருக்கும், மைஎஸ்கியூஎல்லில் சிஸ் ஸ்கீமாவில் பயன்படாதவற்றின் பட்டியலே இருக்கிறது. 'விவசாயி' என்று ஒன்று, 'விவசாயி, தேதி' என்று இன்னொன்று இருந்தால் முதலாவது பெரும்பாலும் வேண்டாதது. யூனிக் இண்டெக்ஸை மட்டும் பயன்பாட்டு எண் பார்த்து அழிக்காதீர்கள், அது தேடலுக்குப் பயன்படாவிட்டாலும் 1-ல் சொன்ன விதியைக் காத்துக்கொண்டிருக்கும்.

எத்தனை நாள் கணக்கைப் பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மாங்கூழ் ஆலையில் நவம்பரில் பார்த்தால் கொள்முதல் இண்டெக்ஸ் எல்லாமே சும்மா கிடக்கிற மாதிரி தெரியும், மேயில் காய் வரத் தொடங்கியதும் அதில்தான் ஆலையே ஓடும். நிதியாண்டு முடிவில் மட்டும் எழுந்திருக்கிற இண்டெக்ஸும் ஒன்றிரண்டு இருக்கும். ஒரு சீசனும் ஒரு மார்ச்சும் தாண்டட்டும். அப்புறமும் சந்தேகம் என்றால் மைஎஸ்கியூஎல் 8.0-ல் இண்டெக்ஸை அழிக்காமல் இன்விசிபிள் ஆக்கி வைக்கலாம், க்வெரிகள் அதைப் பார்க்காது, யாராவது மெதுவாக இருக்கிறது என்று போன் செய்தால் ஒரே வரியில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.